இன்னொருவனுடைய கூவல்

வியாபாரத்துக்குப் போயிருந்த ஜுருவா காங்கோ பக்கமிருந்து சைக்கிளில் வந்து இறங்கியபோது எட்டோமா புகையிலைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். வந்தவன் சைக்கிளை எங்கும் சாய்த்து வைக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான்.

"உன் அண்ணனைப் பத்தி ஒரு சேதி," என்றான்.

அதை அவன் சொன்ன விதத்திலேயே என்ன சேதி என்று தெரிந்துவிட்டது. சைக்கிளின் பின்னால் ஒரு சுரைக்குடுவை கட்டியிருந்தது. வாயை வாழைச்சருகால் அடைத்திருந்தார்கள். உள்ளே மண்.

படைகள் வந்து மராச்சா முழுவதையும் எரித்த வருஷம் காணாமல் போனவன் வாட்ரி. ஊரே தலைச்சுமையோடு எல்லையைத் தாண்டி ஓடியபோது ஆற்றுக் கடவில் கூட்டத்தோடு கூட்டமாகப் பிரிந்தான். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. எல்லோரும் திரும்பி வந்து குடிசை கட்டி, மரவள்ளி நட்டு, பிள்ளைகள் பெற்றும் ஆகிவிட்டது.

மாமரத்தடியில் வீட்டு ஆட்கள் கூடினார்கள். குலத்துக்கு மூத்தவரான ஒசாட்ரே தன் முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாட்ரியின் மனைவி மாத்துரு பாறையில் மரவள்ளி உலர்த்திக்கொண்டிருந்தவள், முழங்கை வரை வெள்ளை மாவோடு அப்படியே வந்து நின்றாள். ஜுருவா சொன்னான்: எல்லைக்கு அப்பால் ஒரு கிழவர் தன் கொல்லையில் காய்ச்சலோடு வந்து விழுந்த ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அவன் தன் பெயரையும் குலத்தையும் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் இறந்திருக்கிறான். கிழவரே குழி வெட்டிப் புதைத்திருக்கிறார். இத்தனை வருஷமும் அந்தப் பெயரைக் கேட்டு யாராவது வருவார்கள் என்று அவர் காத்திருந்திருக்கிறார். இவன் மராச்சாக்காரன் என்று தெரிந்ததும் குழியிலிருந்து மண் அள்ளிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

மாத்துரு அழவில்லை. "எந்த மாசம்?" என்று கேட்டாள்.

"சோளம் அறுக்கிற மாசம். ஓடின அதே வருஷம்."

"அப்படின்னா எண்பத்தேழுல கூப்பிட்டது யாரு?"

ஒரு கோழி கூட்டத்துக்கு நடுவே நடந்து போனது.

"இந்தக் காதால கேட்டேன்," என்றாள் அவள். "நான் மட்டுமா? எட்டோமாகூடக் கேட்டான். சொல்லு தம்பி."

எட்டோமா குடுவையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டேன், அண்ணி," என்றான்.

அவர்கள் பேசியது கூவலைப் பற்றி. செரே என்று சொல்வார்கள். வளர்ந்த ஆண் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஒரு கூவல் உண்டு. குரலைத் தலைக்கு ஏற்றி, மேட்டில் நின்று நீளமாகக் கூவினால் இரண்டு பள்ளத்தாக்கு தாண்டிக் கேட்கும். சொற்கள் தேய்ந்து போகும். ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். லுக்பரா மொழி பேசுகிறவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கமே சொல். வீடு திரும்புகிறவனின் கூவல் கேட்டால் மனைவி உலையில் தண்ணீர் வைப்பாள். ஒருவனுடைய கூவலை இன்னொருவன் கூவக் கூடாது. கூவினால், உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவு சொன்னது போல. அவன் செத்த பிறகு, புதைக்கிற அன்று, வாரிசு ஒரே ஒரு தடவை கூவுவான். அத்தோடு அந்தக் கூவல் உலகத்தில் முடிந்துவிடும்.

வாட்ரியின் கூவல் 'ஆட்டைக்கூடத் தேடுவாங்க' என்பது. சிறுவனாக மேய்ச்சலில் ஒருநாள் வழி தவறித் திரும்பியபோது பெரியவர்கள் முதலில் ஆடுகளை எண்ணினார்களாம். மீசை முளைத்ததும் அதையே கூவலாக வைத்துக்கொண்டான். ஊரைக் குத்திக்காட்ட அவனுக்குப் பிடிக்கும்.

ஒசாட்ரே தொண்டையைக் கனைத்தார். "செத்தவன் கூப்பிட்டிருக்கான். வேற என்ன? மனசுல குறை இருந்தா கூப்பிடத்தான் செய்வாங்க."

என்ன குறை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மூன்று பேருடைய பார்வை மாத்துருவின் பக்கம் போய்விட்டு, அவள் கவனிப்பதற்குள் விலகியது. அவள் கவனித்தாள். மாவு படிந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சனிக்கிழமை மண்ணைப் புதைப்போம்," என்றார் ஒசாட்ரே. "எட்டோமா, நீதான் கூவணும். அவனுக்குப் பிள்ளை இல்ல."

எட்டோமா தலையசைத்தான். அந்த நேரத்தில் அவன் மனதில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல, நிம்மதி. அண்ணன் எண்பதிலேயே செத்திருக்கிறான். அப்படியென்றால் நான் கொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று நகர்ந்தது. அண்ணன் செத்த சேதிக்கு நிம்மதிப்பட்ட தன்னை உணர்ந்ததும், அந்த இடத்தில் வேறொரு கல் வந்து உட்கார்ந்தது.

எண்பத்தேழில் அவர்கள் ஊர் திரும்பி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒருவர் கொல்லையைப் பத்துப் பேர் சேர்ந்து கொத்துவார்கள். வேலை முடிந்ததும் கொல்லைக்காரன் வீட்டில் க்வேத்தே என்ற சோள மது காய்ச்சி வைத்திருப்பார்கள். பானையைச் சுற்றி உட்கார்ந்து வெயில் சாயும் வரை குடிப்பார்கள். பிறகு மேட்டில் ஏறி, பாதைகள் பிரியும் இடத்தில், வயது வரிசைப்படி ஒவ்வொருவனாகக் கூவிவிட்டு இறங்குவான். ஓடுவதற்கு முன்னால் அந்த வரிசையில் பன்னிரண்டு கூவல்கள் இருந்தன. அன்று ஏழுதான்.

எட்டோமாவுக்கு வரிசை மனப்பாடம். கூமாவின் கூவல் முடிந்ததும் வாட்ரியுடையது வரவேண்டும். கூமா கூவினான். அதன் பிறகு, ஒரு கூவலின் நீளத்துக்கு, யாரும் கூவவில்லை. வேண்டுமென்று விட்டார்களா, பழக்கத்தில் விட்டார்களா தெரியாது. அந்த இடைவெளியை எட்டோமா நின்று கேட்டான். பிறகு அடுத்தவன் கூவினான்.

கடைசி ஆள் எட்டோமா. தன்னுடையதைக் கூவிவிட்டு, மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை நின்றான். சிறுவயதிலிருந்தே அவனுக்கு எந்தக் குரலும் வரும். புறா, ஆடு, பிரசங்கம் செய்யும் பாதிரியார், எல்லாம். குடித்திருந்தான், ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரியாத அளவுக்கு அல்ல. அண்ணனின் கூவல் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்பதற்கு வேறு வழி இல்லை. வாயில் கை வைத்துக் கூவினான்.

நன்றாக வந்தது. கடைசியில் வாட்ரி குரலை உடைத்து இறக்குவானே, அதுகூட வந்தது.

கீழே முற்றத்தில் மாத்துரு எள் புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து முறம் விழுவதை மேட்டிலிருந்தே பார்த்தான். அவள் பாதைவரை ஓடினாள். திரும்பி ஓடினாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். குனிந்து ஒரு கோழியைத் துரத்த ஆரம்பித்தாள். எட்டோமா பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். கூரையில் புகை எழும்பியது. இப்போதே போய்ச் சொல்லிவிடலாம், இன்னும் கொஞ்சம் கழித்துச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தவன், அவள் நான்காவது தடவை பாதைக்கு வந்து நின்றபோது, இனி சொல்ல முடியாது என்று தெரிந்துகொண்டான்.

சுற்றிக்கொண்டு கீழ்ப்பாதை வழியாக வந்தான்.

"தம்பி, கேட்டியா? அவரு கூப்பிட்டாரு! கேட்டியா இல்லையா?"

"கேட்டேன், அண்ணி."

அன்றைக்கு அவள் முகம் இருந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் அவன் பார்த்ததில்லை. இருட்டிய பிறகும் யாரும் வரவில்லை. கோழிக்குழம்பு ஆறிப்போனது. அந்த ஊரில் பெண்கள் கோழி தின்பதில்லை. "நீயாவது சாப்பிடு, வீணாப் போகும்," என்று அண்ணனுக்கென்று எடுத்து வைத்த தொடையை அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிட்டான். எலும்பைக்கூடக் கடித்தான். மறுநாள் ஆண்கள் எல்லோரும் புதர்களில் தேடப் போனார்கள். எட்டோமாவும் ஈட்டியோடு போனான். இரண்டு நாள், மற்றவர்களைவிட உரக்க, அண்ணனின் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

அடுத்த வருஷம் ஓலெமா என்ற தச்சன் மாத்துருவைக் கேட்டு ஆள் அனுப்பினான். நல்லவன். எல்லைக்கு அப்பால் அகதி முகாமில் இவர்கள் பசியோடு கிடந்தபோது உதவியவன். "என் புருஷன் உயிரோட இருக்காரு. கூவல் கேட்டேன்," என்று அவள் திருப்பி அனுப்பினாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஓலெமா வேறு ஒருத்தியைக் கட்டினான். ஐந்து பிள்ளைகள்.

இப்போது, சேதி வந்த இந்த வாரம், எட்டோமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் மனைவி அலேரு, கேழ்வரகும் மரவள்ளியும் சேர்த்துக் கிண்டிய களியையும் கீரையையும் அவன் முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னய்யா, தொண்டைக்கு இப்பவே பத்தியமா? ஊரெல்லாம் உன் கூவலைத்தான் பேசுது. கூமா வீட்டுல பந்தயமே கட்டுறாங்க, குரல் உடையுமா உடையாதான்னு."

"வயித்துல ஒண்ணும் இல்ல அலேரு."

"அதான் தெரியுதே. சாப்பிட்டாத்தானே இருக்கும்." அவள் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அக்காவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. கிணத்தடியில அவங்க வந்தா பேச்சு நின்னு போகுது. செத்தவன் வந்து கூப்பிட்டும் வீட்டுக்குள்ள வரலைன்னா, வீட்டுல என்னத்தைப் பாத்தானோன்னு பேசிக்கிறாளுங்க."

"யாரு பேசினா?"

"யாரு பேசலைன்னு கேளு."

அவன் களியைப் பிட்டுக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். அது ஆறிக் கெட்டியாகும் வரை.

வெள்ளிக்கிழமை காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு பாறைக்குப் போனான். வாத்தி மலை அன்று தெளிவாகத் தெரிந்தது. மாத்துரு மரவள்ளித் துண்டுகளைப் பாறையில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, பாட்டுக்காரரே," என்றாள். "தேன் குடிச்சியா? நாளைக்கு நீ சொதப்பினா உன் அண்ணன் சும்மா விடமாட்டாரு. ஏற்கனவே ஒரு தடவை வந்தவரு."

அவன் சிரிக்க முயன்றான். குனிந்து அவளோடு சேர்ந்து துண்டுகளைத் திருப்பிப் போட ஆரம்பித்தான். பாறை சூடேறிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அன்னிக்கு..."

"அன்னிக்குத்தான்," என்று அவள் உடனே பிடித்துக்கொண்டாள், அதைப் பேசத்தான் காத்திருந்தவள் போல. "நான் நாளைக்குக் குழிகிட்ட எழுந்து பேசப் போறேன் தம்பி. ஒசாட்ரே பெரியப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன பேசப் போறீங்க?"

"முகாம்ல ஓலெமா எனக்கு ஒரு துணி கொடுத்தான். மஞ்சள் துணி. எல்லாப் பொம்பளைகளுக்கும் ஏதோ ஒண்ணு கொடுத்தான், ஆனா எனக்குக் கொடுத்தது நல்ல துணி. வாங்கிக்கிட்டேன். வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா. ஆனா வாங்கிக்கிட்டேன் இல்ல? கூவல் கேட்ட அன்னிக்கு அதைத்தான் கட்டியிருந்தேன். மேட்டுல நின்னு பாத்தா மஞ்சள் நல்லாத் தெரியும். அவரு வாங்கிக் கொடுக்காத துணி. பாத்திருப்பாரு. அதான் இறங்கி வரல." அவள் ஒரு துண்டை எடுத்துப் பூசணம் இருக்கிறதா என்று பார்த்தாள். "பன்னெண்டு வருஷமா யோசிச்சு யோசிச்சு இதுல வந்து நிக்கிறேன். உயிரோட வந்தவருன்னு நினைச்சப்பவும் இதான். ஆவியா வந்தவருன்னாலும் இதான். எல்லார் முன்னாடியும் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டா அவரு தூங்கிடுவாரு."

அந்த மஞ்சள் அவனுக்கு நினைவிருந்தது. பாதைக்கும் முற்றத்துக்குமாக அது ஓடியதை அவன் பாறைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறான்.

சொல்ல வேண்டிய வாக்கியம் மூன்றே சொல்தான். அன்னிக்குக் கூப்பிட்டது நான். அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவன் மரவள்ளியைத் திருப்பினான். இத்தனை யோசித்து அவள் கட்டிய ஒன்றை உதைத்துத் தள்ளுவது போல இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய் என்றும் தெரிந்தது. அவளுக்காக அவன் பயப்படவில்லை. அவள் தன்னைப் பார்க்கப் போகும் பார்வைக்குப் பயந்தான்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணும் இல்ல. தேன் இருந்தாக் கொஞ்சம் கேக்கலாம்னு வந்தேன்."

அவள் வீட்டுக்குப் போய்த் தேன் கொண்டு வந்தாள். ஒரு சின்னக் குடுவை நிறைய. அவன் வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை நடுப்பகலில் முற்றம் நிறைந்தது. அக்கா தங்கைகளின் பிள்ளைகள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். சாவு வீட்டில் மாமன்களைக் கேலி செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. எட்டோமா குழிக்கருகே நின்றபோதே ஒருவன் ஆரம்பித்தான்.

"மாமா, கால்சட்டை நழுவுது! கூவுறதுக்கு முன்னாடி இடுப்புக் கயிறை இறுக்கிக்கோ!"

"விடுடா, மாமாவுக்கு ரெண்டு தொண்டை. ஒண்ணு குடிக்க, ஒண்ணு கூவ. எது எதுன்னு அவருக்கே குழப்பம்."

கூட்டம் சிரித்தது. குடுவையிலிருந்த மண்ணை ஒசாட்ரே குழியில் கொட்டினார். இரண்டு கைப்பிடிதான் இருக்கும். மாத்துரு குழியின் மறுபக்கம் நின்றாள். எட்டோமா கூவிய பிறகு அவள் பேசுவதாக ஏற்பாடு.

ஒசாட்ரே கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது.

எட்டோமா வாயில் கை வைத்தான். அன்று வந்த மாதிரி வந்துவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கூவலை அவள் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசி நொடியில் அவன் குரலைத் தாழ்த்தி, வேண்டுமென்றே தட்டையாக, அவசரமாகக் கூவினான். முடிவில் உடைக்கவே இல்லை. அவன் வாயிலிருந்து வந்தது யாருடைய கூவலும் அல்ல.

"இது என்ன, கோழி முட்டையிடுதா?" என்றான் மருமகன். இந்தத் தடவை யாரும் அதிகம் சிரிக்கவில்லை.

ஒசாட்ரே எட்டோமாவை உற்றுப் பார்த்தார். "வயசாயிடுச்சு. போகட்டும். மாத்துரு, நீ பேசும்மா."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். கைகளைக் கழுவி, எண்ணெய் தடவி வந்திருந்தாள். குழிக்குள் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணேன். உங்க எல்லாருக்கும் தெரியணும். என் புருஷனுக்கும் தெரியணும். முகாம்ல இருந்தப்ப ஓலெமா..."

கூட்டத்தின் பின்வரிசையில் ஓலெமா மனைவியோடு நின்றிருந்தான். தலைகள் அவன் பக்கம் திரும்பின. அவன் மனைவி இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டாள். கிணற்றடிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் கிட்டத்தட்ட சந்தோஷம் இருந்தது.

"கூப்பிட்டது நான்," என்றான் எட்டோமா.

அது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. மாத்துரு நிறுத்தினாள்.

"என்ன தம்பி?"

"எண்பத்தேழுல. மேட்டுல நின்னு. நான்தான் கூப்பிட்டேன். அண்ணனும் இல்ல, ஆவியும் இல்ல. நீங்க ஒண்ணும் பண்ணல."

ஒசாட்ரே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். உயிரோடு இருப்பதாக எல்லோரும் நம்பிய அண்ணனின் கூவலைத் தம்பி கூவியிருக்கிறான். எங்கேயோ அலேரு, "ஐயோ, படுபாவி," என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

மாத்துரு அவனைப் பார்த்தாள். அவன் பயந்த பார்வை அல்ல அது. கணக்கில் எங்கோ தப்பிருக்கிறது என்று தேடுகிறவளைப் போல அவன் முகத்தைத் தேடினாள்.

"நான் பாதைக்கு ஓடினேனே. பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தனை தடவை?"

"நாலு."

"அஞ்சு," என்றாள் அவள். "நீ வந்து சாப்பிட்டுட்டுப் போனப்புறம் ஒரு தடவை."

அவன் தலை குனிந்தான். குழியின் ஓரத்து மண் சரிந்து உள்ளே விழுந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. யாரும் கொடுக்கவில்லை. அவள் திட்டுவாள், மண்ணை அள்ளி எறிவாள் என்று அவன் காத்திருந்தான். எறிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

பிறகு அவள் குழியைக் காட்டி, "அவருக்கு இன்னும் யாரும் கூவல," என்றாள். "நீ இப்பக் கூவினது அவரோடது இல்ல. ஒழுங்காக் கூவு."

"அண்ணி, என்னால..."

"உன்னால முடியும். எனக்குத் தெரியும்."

கூவ வேறு ஆள் இல்லை. எட்டோமா கைகளை வாய்க்குக் கொண்டுபோனான். மாத்துரு திரும்பி நின்றுகொண்டாள். இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை அழுத்தமாக மூடிக்கொண்டாள்.

அவன் கூவினான். ஆட்டைக்கூடத் தேடுவாங்க. குரல் ஏறியது, மேட்டைத் தாண்டியது, கடைசியில் உடைந்து இறங்கியது. பள்ளத்தாக்குக்கு அப்பால் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த யாரோ, "வாட்ரி! வாட்ரிதான்!" என்று கத்துவது கேட்டது. கூட்டத்தில் வயதானவர்கள் அழ ஆரம்பித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். முரசடிப்பவன் முரசைத் தொட்டான்.

மாத்துரு அசையவில்லை. முதுகு நேராக, முழங்கைகள் இரண்டு பக்கமும் விரிந்து, கைகளைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். எட்டோமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கூவல் முடிந்துவிட்டது என்று யாராவது அவள் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். யாரும் போகவில்லை. அவனாலும் போக முடியவில்லை.